சோற்றுப் பொதிக்கு ஒரு விதி

பிரதேச சபை உறுப்பினர் கனகசுந்தரம் "கௌரவ தவிசாளர் அவர்களே" என்று எழுந்தால் சுவர்க் கடிகாரமும் களைத்துப்போகும். அவர் இரங்கல், வரவேற்பு, நன்றி எல்லாம் சொல்லி முடிக்கும்போது சபைச் செலவில் புரியாணி வந்துவிடும், கூட்டமும் கலைந்துவிடும். இப்படியே மூன்று மாதமாக, இறங்குதுறைக்கு விளக்குக் கேட்ட இன்னொரு உறுப்பினர் ஸுல்பிகாவின் பிரேரணை விவாதத்துக்கு எடுக்கப்படாமல் கிடந்தது. அதற்குள் இருட்டில் ஒரு தோணி பாறையில் மோதி உடைந்தும் விட்டது.

நாலாம் மாதம், சபை விதிகள் பற்றிய பேச்சுக்கே கூட்டத்தில் முதலிடம் என்பதால், கனகசுந்தரத்துக்கு முன்பே ஸுல்பிகா எழுந்து ஒரு திருத்தம் கேட்டார். சாப்பாட்டை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். நிகழ்ச்சி நிரல் முடிந்த பிறகே பொதியை அவிழ்க்கலாம். பத்திரிகை நிருபர் எதிரே இருந்தார். சோற்றுக்காக எதிர்த்தவர் என்று பெயரெடுக்க யாருக்கும் மனமில்லை. திருத்தம் ஏகமனதாக நிறைவேறியது.

அடுத்த கூட்டத்தில் கனகசுந்தரத்தின் மேசையில் இறால் கறி மணத்தது. "கௌரவ..." என்று எழுந்தவர் பொதியைப் பார்த்தார். "ஆதரிக்கிறன்," என்று அமர்ந்தார். பதினொரு விடயங்கள் ஒரு மணித்தியாலத்தில் முடிந்தன.

கடைசியாக விளக்கு. ஸுல்பிகா மாதக்கணக்கில் மெருகேற்றிய நாலு பக்க உரையை விரித்தார்.

"தங்கச்சி, உங்கட விதிதானே? சோறு ஆறுது," என்றார் கனகசுந்தரம்.

சபை சிரித்தது. ஸுல்பிகாவும் சிரித்துக்கொண்டே உரையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"துறைக்கு விளக்கு வேணும், தவிசாளர் ஐயா. அவ்வளவுதான்."

எல்லோரும் கை உயர்த்தினார்கள். கனகசுந்தரமும் ஒரு கையை உயர்த்தினார். மற்றக் கை ஏற்கெனவே பொதியின் நூலில் இருந்தது.