பத்து வரை எண்ணுதல்

மரபணு ஆலோசனை முதுகலைப் படிப்பில் நான் இரண்டு முறை தோற்ற பாடம், பேசாமல் இருப்பது. மோசமான செய்தியைச் சொன்ன பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். எதிரில் இருப்பவர்தான் முதலில் பேச வேண்டும். நான் நான்கிலேயே ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். மூன்றாவது முறையும் தோற்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

தேர்வுக்கு முந்தின நாள், நோயுள்ள குழந்தையின் தகப்பனாக நடிக்க அப்பாவை உட்காரவைத்தேன்.

“உங்க குழந்தைக்கு இந்த நோய் இருக்குறது உறுதியாயிடுச்சு,” என்றேன்.

“சரிம்மா,” என்றார்.

“சரின்னு சொல்லக்கூடாதுப்பா. கொஞ்சம் இடிஞ்சு போகணும்.”

“முதல்லேர்ந்து சொல்லு.”

மறுபடி சொன்னேன். அப்பா மேஜையைப் பார்த்தார். மூன்று, நான்கு.

“என்ன, ரெண்டு பேருக்கும் சண்டையா?” என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள். ஏழு, எட்டு.

“எங்க அம்மாகிட்டயும் டாக்டர் இப்படித்தான் சொன்னாரு,” என்றார் அப்பா. “எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. ரெண்டு வயசு வரைக்கும்.”

இந்தப் படிப்புக்கான விண்ணப்பத்தோடு எங்கள் குடும்பத்தின் மூன்று தலைமுறை வம்சாவளிப் படத்தை வரைந்து கொடுத்திருந்தேன். அப்பாவிடம் கேட்டுக் கேட்டு வரைந்தது. அதில் அவர் ஒரே பிள்ளை.

பேர் என்ன, என்ன நோய், ஏன் சொல்லவில்லை என்று மூன்று கேள்விகள் தொண்டை வரை வந்தன. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.

அப்பா சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“இப்ப சரியா இடிஞ்சு போனேனா?” என்று கேட்டார்.

பத்து வரை எண்ணிவிட்டு, “ம்” என்றேன்.