இரண்டாம் சாவி

"சாவியப் பொணத்தோட சேத்துப் பொதைச்சிருக்க. இத எப்பதான் சொல்றதா இருந்த?"

டெல்மர் கத்தியது எங்கள் வீட்டு அடுப்படி வரை கேட்டது. நான் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். அது காலையிலிருந்தே விலகித்தான் இருந்தது. எதிர்வீட்டுக் கார்ப் பாதையில் மூன்று பேர் நின்றார்கள். ஒருத்தி ஆர்லீன், மார்ச் மாதம் செத்துப்போன வெர்லினின் மனைவி, கையில் செடி வெட்டும் கத்தரி. எதிரே வெர்லினின் தம்பி டெல்மர். மூன்றாவது ஆள் கென்டக்கியிலிருந்து காரை வாங்க வந்தவர். நெட்டை மனிதர். இழுவை வண்டியைத் தெருவை அடைத்து நிறுத்தியிருந்தார். அடுத்த வீட்டுக் குடும்பச் சண்டையில் மாட்டிக்கொண்டவர்கள் செய்வதுபோல, எங்கள் புல்வெளியை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார். புல் வெட்டி மூன்று வாரமாகியிருந்ததால் எனக்குத்தான் கூச்சமாகப் போய்விட்டது.

"எல்லாரும் வெக்கறதுதானே," என்றாள் ஆர்லீன். "உங்கப்பாவுக்கும் வெச்சோமே."

"அப்பாவோடது பித்தளைச் சாவி. கடைக்குப் போனா காபி ஆறதுக்குள்ள வெட்டிக் குடுப்பான். அண்ணனோடது சாவியே இல்ல, ஆர்லீன். கம்ப்யூட்டர். அது பக்கத்துல இல்லன்னா வண்டி இருமக்கூட இருமாது."

அவள் செய்தது தப்பு என்று எங்கள் ஊரில் யாரும் சொல்ல முடியாது. பழைய கார் வைத்திருப்பவன் இறந்தால், கோட்டுப் பையில் அவன் கார்ச் சாவியை வைத்துத்தான் பெட்டியை மூடுவோம். சவ ஊர்தி போகும் வழியில் மற்ற பழைய கார்க்காரர்கள் வரிசையாக வண்டியை நிறுத்தி, எஞ்சின் முன்மூடியைத் திறந்துவைத்து, தொப்பியைக் கழற்றி நிற்பார்கள். வெர்லினுக்கு வரிசை தானியக் கிடங்கு வரை நீண்டது. சாவியைப் பையில் வைக்கும்போது டெல்மரும் அங்கேதான் அழுதுகொண்டு நின்றான். அது எந்தச் சாவி என்று அவனுக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை.

கார் என்னவோ அறுபத்து நான்காம் வருஷத்து பியூக் ரிவியேரா. வயல் ஓரத்துக் குட்டையின் பச்சை நிறம். வெர்லினின் அப்பா காலத்து வண்டி. வெளியே பார்த்தால் கெனடி காலத்துக் கனவான். உள்ளே எல்லாம் புதுசு. எஞ்சின் புதுசு, பிரேக் புதுசு, குளிர்சாதனம், பின்பக்கம் பார்க்க ஒரு கேமரா, பொத்தானை அமுக்கினால் உறுமும் ஏற்பாடு. இருக்கைகள்கூட நொறுங்கிப்போன ஏதோ ஒரு சொகுசு வண்டியிலிருந்து கழற்றி வந்து பொருத்தியவை. அப்பா வண்டியின் வயிற்றைக் கிழித்துவிட்டான் என்று டெல்மர் இரண்டு வருஷம் அண்ணனோடு பேசவில்லை. ஆனால் திருகு முடுக்க மட்டும் தினமும் வந்தான். வெர்லினுக்கு அந்த கராஜ்தான் கோயில். அவன் மகள் லேசி பதின்மூன்று வயதில் கல்குவாரிக் குளத்தில் மூழ்கிப் போனதிலிருந்து மனிதன் வீட்டுக்குள் சாப்பிடவும் தூங்கவும் மட்டுமே வந்தான். இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். அந்தப் பெயரை அந்த வீட்டு வாசலில் நின்று யாரும் சொல்லமாட்டோம். எனக்கே அந்தக் கட்டுப்பாடு இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்லீனுக்கு அந்தக் கார் விற்றாக வேண்டும். அரிசோனாவிலிருக்கும் தங்கையிடம் போய்விடுவது என்று முடிவுசெய்து வீட்டையும் விலைபேசியிருந்தாள். கராஜைக் காலிசெய்யாமல் வீட்டைக் கைமாற்ற முடியாது. அவள் அந்த வண்டியை ஒருநாளும் ஓட்டியதில்லை. அதோடு போட்டிபோட்டே முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியவள்.

இன்னொரு சாவி இருந்தே ஆகவேண்டும் என்றான் டெல்மர். தேடினார்கள். கடைசியில் வெர்லினின் தூண்டில் பெட்டியில், முட்களுக்கு அடியில், கைக்குட்டையில் சுற்றிக் கிடந்தது. ஆர்லீன் அதை எடுத்துக்கொண்டு கார்ப் பாதையில் நடந்து வந்தாள். நானும் அதற்குள் தபால் வந்ததா என்று பார்க்க வெளியே வந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அவள் காரைத் தொடவேயில்லை. கிட்டே போனதும் விளக்குகள் மெல்ல எரிந்தன, யாரோ கண் விழிப்பதுபோல. உள்ளே ஓட்டுநர் இருக்கை முனகிக்கொண்டு நகர ஆரம்பித்தது. ஆளில்லாத இருக்கை. முன்னால் போனது, இன்னும் போனது, ஸ்டீயரிங்கில் இடித்துவிடும் என்று நினைத்தபோது நின்று, பிறகு மெதுவாக மேலே உயர்ந்தது. இரண்டு பக்கக் கண்ணாடிகளும் தலைகுனிந்தன. சின்னத் திரையில் எழுத்து வந்தது: வணக்கம், ஓட்டுநர் இரண்டு.

அது யாரோ ஒரு குள்ளமான ஆளுக்கான அளவு. வெர்லின் ஆறடிக்கு மேல். ஆர்லீனும் சின்ன உருவமில்லை.

கென்டக்கிக்காரர்தான் தொண்டையைச் செருமினார். ஒவ்வொரு சாவியும் ஒரு ஆளின் அளவை நினைவு வைத்திருக்கும் என்று விளக்கினார். "அது ஒண்ணுமில்லம்மா. என் அளவுக்குத் தள்ளி வெச்சு, ஒரு பட்டன அமுக்கிப் பிடிச்சா பழசு அழிஞ்சிடும்."

"யாரோடது அழியும்?" என்றாள் ஆர்லீன்.

அது யாரென்று தெரியாமல் வண்டி கைமாறாது என்று அவள் சொல்லிவிட்டாள். அவர் வெறும் இழுவை வண்டியோடு திரும்பிப் போனார், சனிக்கிழமை வருவதாக.

அந்த வாரம் எங்கள் ஊருக்கு வேறு பேச்சே இல்லை. குள்ளமான ஒருத்தி, வெர்லினுக்குத் தெரிந்தவள், கார்ச் சாவி கொடுக்குமளவு தெரிந்தவள். லுவானின் பெயரை முதலில் சொன்னது நான் இல்லை. இரண்டாவதாகத்தான் சொன்னேன். நெடுஞ்சாலை ஓர உணவுக்கடையில் பரிமாறுகிறவள், கணவனை இழந்தவள், மேல்தட்டிலிருந்து கேக் எடுக்க முக்காலி போட்டு ஏறுகிறவள். வெர்லின் வியாழன்தோறும் அவள் பரிமாறும் மேசையில் உட்கார்ந்து காபி குடித்தது ஊரறிந்த விஷயம். அங்கே உட்கார வேறு மேசை காலியில்லை என்பதும் ஊரறிந்த விஷயம்தான், ஆனால் அதில் சுவாரஸ்யம் இல்லை.

ஆர்லீன் அந்தச் சாவியை அங்கியின் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். குப்பைத் தொட்டிக்குப் போகும்போதெல்லாம் வண்டி விழித்துக்கொள்ளும். இருக்கை முன்னால் வந்து காத்திருக்கும். அவள் விலகிப்போனதும் விளக்கு அணைந்து இருக்கை பின்வாங்கும். அந்தி மங்கும் நேரத்தில் அவள் நாலைந்து முறை போய்வருவதைப் பார்த்தேன், கையில் குப்பையே இல்லாமல். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், ஜன்னலை மூடு என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் ரயில்பாதை ஓரத்து பர்கர் கடை வாசலில் பழைய கார்கள் கூடுவது வழக்கம். முன்மூடியைத் திறந்து வைத்து, பின்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெங்காய வளையங்களைத் தின்றபடி அடுத்தவன் எஞ்சினைக் குறைசொல்வார்கள். ஒருவன் வண்டியை இன்னொருவன் தொடக்கூடாது. உட்காரச் சொல்வது என்றால் கிட்டத்தட்டக் கல்யாணம் பேசுவதுபோல. அந்த வாரம் அங்கே பின்கண்ணாடியில் 'விற்பனைக்கு' அட்டையோடு ரிவியேராவை டெல்மர் ஓட்டி வந்து நிறுத்தி, சாவியை ஆர்லீனிடம் கொடுத்தான். கென்டக்கிக்காரரும் வந்திருந்தார். ஆர்லீன் நேராக லுவான் நின்ற இடத்துக்குப் போனாள். பேச்சு ஒவ்வொரு நாற்காலியாக அடங்கியது.

"வா. வந்து உக்காரு," என்றாள்.

லுவானுக்குக் காது வரை சிவந்தது. "ஊர் பேசறது எனக்கும் கேட்டுது, தங்கம்," என்றாள். எல்லோரையும் தங்கம் என்றுதான் கூப்பிடுவாள், அப்போதும் அது மாறவில்லை. கைப்பையை டெல்மரிடம் கொடுத்துவிட்டு நடந்தாள். ஆர்லீன் சாவியோடு கிட்டே போனதும் இருக்கை முன்னால் வந்தது. லுவான் மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். ஸ்டீயரிங் அவள் வயிற்றில் அழுந்தியது, முழங்கால்கள் மேலே முட்டின, காலை நீட்ட இடமில்லை. கதவைச் சாத்தப் பார்க்கவேயில்லை.

"இது என் அளவு இல்ல, ஆர்லீன். நானே இதுக்குப் பெரிசு." இறங்குவதற்குப் பாடுபட்டபடி சொன்னாள். "வெர்லின் என்கிட்ட ஒரே ஒரு விஷயம் கேட்டார். உருவம் சின்னதா இருந்தா வண்டி ஓட்டறதுல எது கஷ்டம்னு. பக்கக் கண்ணாடி எட்டாதுன்னு சொன்னேன். தாள்ல படம் போட்டுக்கிட்டுப் போனார்."

தலைகுனிந்திருந்த கண்ணாடிகளை எல்லோரும் பார்த்தோம்.

டெல்மர் கைப்பையைப் பிடித்தபடியே நின்றான். சண்டைக்காரன் குரல் அவனிடம் இல்லை. "சீட்டு மாட்டின குளிர்காலத்துல என்னை அளவு டேப்பப் பிடிச்சுக்கச் சொன்னான்," என்றான். "கராஜ் கதவுச் சட்டத்துல. தரையிலேர்ந்து அளந்தான். கதவ மாத்தப் போறான்னு நெனச்சேன்."

"அவன் கதவ மாத்தவே இல்ல," என்றாள் ஆர்லீன்.

அந்தச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று எங்கள் தெருவுக்குத் தெரியும். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பிள்ளையை நிறுத்தி, தலைக்கு மேல் பென்சில் கோடு. கோடுகள் ஏறிக்கொண்டே வந்து பதின்மூன்றில் நின்றுவிட்டன. ஓட்டுநர் பயிற்சிக்கு இன்னும் இரண்டு கோடு பாக்கி இருந்தது. இந்த வண்டியில்தான் கற்றுக்கொள்வேன் என்று அந்தப் பெண் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தது எனக்கே நினைவிருக்கிறது; நான்தான் நினைத்துப் பார்க்கவில்லை.

ஆர்லீன் திறந்த கதவருகே நின்று காலி இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை உள்ளே விட்டு, தலை சாயும் இடத்தில் வைத்தாள். தட்டவில்லை, தடவவில்லை, சும்மா வைத்திருந்தாள். பக்கத்து வண்டிக்காரர் எழுந்து தொப்பியைக் கழற்றினார், ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது. கென்டக்கிக்காரர் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்காமல் தன் இழுவை வண்டிக்குப் போய் ஏறினார்.

லுவானை அன்றைக்கு வீட்டில் கொண்டுவிட்டது டெல்மர். கைப்பையைத் திருப்பிக் கொடுக்க மறந்ததாகச் சொல்லி மறுநாளும் போனான். அக்டோபரில் நீதிமன்றத்தில் கல்யாணம். எங்களுக்கெல்லாம் உணவுக்கடையில் கேக். நான் இரண்டாவதாகச் சொன்னது அவளுக்குத் தெரியும்போல, எனக்கு வந்த துண்டு மட்டும் மெல்லியதாக இருந்தது.

வீட்டை வாங்கிய இளம் தம்பதி நல்லவர்கள். கராஜ் கதவின் ஒரு பக்கச் சட்டத்தைக் காணோம், பெயர்த்து எடுத்த மாதிரி இருக்கிறதே என்று என்னிடம் கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றேன். என் வாழ்க்கையில் அப்படிச் சொன்ன சந்தர்ப்பங்கள் குறைவு.

ஆர்லீன் அரிசோனா போன காலையில் நான் வாசலில்தான் இருந்தேன். ரிவியேராவை அவளே ஓட்டினாள். இருக்கையை அவள் பின்னால் தள்ளவில்லை. வயிற்றை எக்கி, முழங்கால்களை இரண்டு பக்கமும் அகட்டி, மூக்கு முன்கண்ணாடியில் படுகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். அப்படியே ஆயிரத்தைந்நூறு மைல் போனாளா, ஊர் எல்லை தாண்டியதும் மாற்றிக்கொண்டாளா, எனக்குத் தெரியாது. தெருமுனையில் வண்டி நின்றது. இரண்டு பக்கமும் ஒரு வாகனமும் இல்லை. ஆனாலும் வெகுநேரம் நின்றது, புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் நிற்பதுபோல, வலப்பக்க விளக்கு மினுங்கியபடி. பின்கண்ணாடியில் 'விற்பனைக்கு' அட்டை அப்படியே இருந்தது.