வளைவின் உள்பக்கம்

சாக்கைக் கவிழ்த்ததும் பெண்டு என்று சொல்கிற வளைவுக் குழாய்கள் சிமெண்டுத் தரையில் கலகலவென்று உருண்டன. அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பட்டறையில் அவள் வேலை அதுதான். எந்த இடத்துக்கு எந்த வளைவு என்று தேர்ந்து, அறுத்து, மேஜையில் அடுக்கித் தர வேண்டும். அவற்றை வெல்டிங்கில் பற்றவைப்பவர்கள் இரண்டு பேர். ஒரு மேஜையில் அவள் கணவன், எதிர்மேஜையில் அவளுடைய அண்ணன்.

சரக்கு வேன்களுக்கு நான்கு மேனிஃபோல்டுகள் சாயங்காலத்துக்குள் போயாக வேண்டும். எஞ்சினின் நான்கு துளைகளிலிருந்தும் வருகிற புகையைக் கொண்டுவந்து ஒரே குழாயில் சேர்க்கிற அமைப்பு அது. ஓரத்துத் துளைகளுக்கு அகலமாகத் திரும்புகிற வளைவு வேண்டும். நடுவில் இருப்பவற்றுக்குச் சட்டென்று திரும்புகிற வளைவு. ஸ்டியரிங் தண்டில் இடிக்கக் கூடாது, போல்ட்டை முறுக்க ஸ்பானர் நுழைய வேண்டும். ஒரு கம்பியை வளைத்து வைத்துப் பார்த்தே அவள் சொல்லிவிடுவாள்.

இன்றைக்கு அவள் நிறத்தைத்தான் முதலில் பார்த்தாள். பாதிக்கு மேல் வெள்ளை. தண்ணீருக்குத் துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய். மிச்சம்தான் பூச்சில்லாத கறுப்பு.

"சார், இது தண்ணி பைப்புக்குப் போடற பெண்டு."

முதலாளி போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. "வளைஞ்சிருக்கா இல்லையா?"

"வளைஞ்சிருக்கு. ஆனா கறுப்பு பெண்டு ரெண்டு செட்டுக்குத்தான் சார் தேறும்."

"மிச்சத்துக்கு மேல கிரைண்டர் போட்டுப் பூச்சைத் தேச்சுக்கோ."

"மேல போட்டுருவேன். உள்ள என்ன பண்றது?"

"ஏம்மா, வண்டிக்காரன் அஞ்சு மணிக்கு வந்து நிப்பான். நீ என்னடான்னா உள்ள வெளியன்னு பொண்ணு பாக்கற மாதிரி பாக்கறே. பால் வாங்கித் தரச் சொல்றேன், குடிச்சிட்டுச் செய்யட்டும். காலையில சரியாப் போயிடுதுல்ல?"

சரியாகத்தான் போய்விடும். நேரான குழாய் என்றால் நீளக் கம்பியில் பிரஷைக் கட்டி உள்ளேயும் தேய்த்துவிடலாம். வளைவுக்குள் எதுவும் போகாது. நெருப்புப் பட்டதும் உள்ளே ஒட்டியிருக்கிற பூச்சு கொதித்து வெள்ளைப் புகையாக வரும். வேலை முடிகிற நேரத்தில் வாயெல்லாம் அசட்டுத் தித்திப்பு. வீட்டுக்குப் போனால் குளிர், நடுக்கம், காய்ச்சல். விடிந்தால் ஒன்றும் நடக்காதது போல இருக்கும்.

ஆனால் அவள் கணவனுக்கு விடிந்ததும் மருத்துவப் பரிசோதனை இருந்தது. கொதிகலன் தொழிற்சாலையில் நிரந்தர வேலை. பற்றவைத்துக் காட்டச் சொன்னார்கள், காட்டினான், பிடித்துப்போயிற்று. உடம்பைப் பார்த்துவிட்டால் முடிந்தது. காய்ச்சலோடு போய் நிற்க முடியாது. விஷயம் தெரிந்தவர்கள் அவன், அவள், அண்ணன், அண்ணி. முதலாளி காதுக்குப் போனால் இன்றே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்.

அவள் கறுப்பு வளைவுகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். அகல வளைவு கறுப்பில் போதவில்லை. குறுகியவற்றை இரண்டாக அறுத்து, இடையில் துண்டு கொடுத்து, ஒரு அகல வளைவாக்கினாள். அப்படியும் இரண்டு செட்டுதான். ஆளுக்கு ஒன்று என்று வைத்தால் நியாயம். ஒரு செட்டு வெள்ளை போதும், நடுக்கம் வருவதற்கு.

கொஞ்ச நேரம் கையில் ஒரு வளைவை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, கறுப்பு இரண்டு செட்டையும் கணவன் மேஜையில் அடுக்கினாள். வெள்ளையை எதிர்மேஜைக்குக் கொண்டுபோனாள். அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை.

அண்ணன் ஒரு வளைவை எடுத்து, கண்ணருகே வைத்து உள்ளே பார்த்தான். பிறகு எதிரே பார்த்தான்.

"மாப்ள, உன் மேஜை அடுப்படி மாதிரி இருக்கு. என்னுது பாரு, கல்யாண வீடு மாதிரி வெள்ளையடிச்சு வெச்சிருக்கா என் தங்கச்சி."

கணவன் அப்போதுதான் கவனித்தான். "ஏய், என்ன இது? பாதி எடுத்து இங்க வை."

"உக்காரு மாப்ள."

"இல்ல மச்சான்..."

"உக்காருன்னா உக்காரு. நாளைக்கு உன்னை அங்க ஊசி குத்தறப்போ என்னை நெனச்சுக்கோ." முகமூடிக் கண்ணாடியை இறக்கிக்கொண்டான்.

சாயங்காலம் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அடுத்த வீடுதான், நடுவே ஒரே சுவர். இரண்டு போர்வை போர்த்தியும் கட்டில் ஆடியது. பற்கள் அடித்துக்கொள்கிற சத்தம் வாசல்வரை கேட்டது. அண்ணி அவன் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் இல்லையா?" என்றாள் அண்ணி.

அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். அண்ணி நிமிர்ந்து அவளையே பார்த்தாள். பிறகு குனிந்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். அவளும் கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்து இன்னொரு காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

காலையில் அண்ணன் கண் சிவந்து, ஆனால் நேராக நடந்து பட்டறைக்கு வந்தான். முதலாளி அவன் முதுகில் தட்டி, "நான் சொன்னேன்ல?" என்றார். தங்கை கணவனுக்கு வயிற்றுப்போக்கு என்று அண்ணன் அவரிடம் சொன்னான்.

மதியத்துக்கு முன்பே கணவன் பட்டறைக்குத் திரும்பிவிட்டான். முதலாளி அப்போது வெளியே போயிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. வாசலில் நின்று செருப்பைக் கழற்றுகிற விதத்திலேயே வேலை இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"காய்ச்சலா?" என்றாள்.

"காய்ச்சல் இல்ல. நெஞ்சை ஃபோட்டோ புடிச்சாங்க. டாக்டர் வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, எவ்வளவு காலமா வெல்டிங் பண்றேன்னு கேட்டாரு. பதினோரு வருஷம்னேன். அதான் உள்ள தெரியுதுன்னாரு. புள்ளி புள்ளியா இருக்காம்."

"அவங்க அனுபவம் இருக்கறவன்தானே வேணும்னாங்க?"

"வேணும்தான்."

அண்ணன் மேஜையிலிருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். முகமூடியை மேலே தள்ளினான்.

"நீந்தத் தெரிஞ்சிருக்கணும், தலை மட்டும் நனைஞ்சிருக்கக் கூடாதுங்கறான்." சிரிக்கப் பார்த்தான். இருமல்தான் வந்தது.

"மச்சான், நேத்து நீ..."

"விடு மாப்ள."

அவள் அண்ணனிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முதலாளி உள்ளே வந்தார். பின்னால் கூலிக்காரர் ஒருவர் இன்னொரு சாக்கை இழுத்துக்கொண்டு வந்தார்.

"வயிறு சரியாயிடுச்சா? நல்லதாப் போச்சு. வேன்காரனுக்கு இன்னும் நாலு வேணுமாம்."

சாக்கு கவிழ்ந்தது. இந்த முறை எல்லாமே வெள்ளை. அவள் அகலமானதை ஒரு பக்கமும் குறுகியதை இன்னொரு பக்கமும் பிரித்தாள். இரண்டு மேஜைகளிலும் சமமாக அடுக்கினாள்.

கணவன் சட்டையைக் கழற்றி, கசங்காமல் சுவரோரம் ஆணியில் மாட்டினான். கரி படிந்த பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டு மேஜைகளிலும் ஒரே சமயத்தில் நெருப்புப் பொறி எழுந்தது. வளைவுகளின் வாயிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பி, கூரைத் தகரம்வரை போய், நூல் நூலாகப் பிரிந்து மெல்ல இறங்கியது.

ஆணியில் தொங்கிய சட்டையின் தோளில் பஞ்சுத் துணுக்குப் போலப் புகையின் வெள்ளைத் துகள் ஒன்று வந்து உட்கார்ந்தது. அவள் எழுந்துபோய் விரலால் தட்டிவிட்டாள். திரும்பி வந்து அவள் உட்காருவதற்குள் இன்னும் சில வந்து உட்கார்ந்திருந்தன.