ஒரே வாரத்தில் தீர்ந்த இசைத்தட்டு

ஜொகூர் மாநிலத்துச் சிகாமட் ஊரில் வெள்ளம் வடிந்ததும், அப்பா விட்டுப்போன வீட்டைக் கழுவித் தரத் தயானந்தன் வந்தார். தங்கை கிருஷ்ணகுமாரிதான் இப்போது அங்கே தனியாக இருக்கிறாள்.

எழுபது தாண்டியும் அவருக்கு ஒரே பெருமைதான். வாலிபத்தில் முகத்தில் மினுக்குப் பூசி, கண்ணுக்கு மை தீட்டி அவர் பாடிய கிளாம் ராக் இசைத்தட்டு, வெளியான வாரமே ஜொகூர் கடைகளில் தீர்ந்துபோனது. அந்தத் தெம்பில்தான் அரசாங்க வேலையை உதறினார். அடுத்த தட்டுக்கு எவனும் கூப்பிடவில்லை. பொறாமை பிடித்த பயல்கள் என்று இன்றுவரை திட்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளத்துக்குப் பயந்து, முக்கியமானதையெல்லாம் அப்பா அலமாரிக்கு மேலேதான் வைப்பார். அங்கே நனையாமல் சில பெட்டிகள் இருந்தன. தயானந்தன் ஒன்றைப் பிரித்தார். உள்ளே இசைத்தட்டு உறைகளில் உதட்டுச் சாயத்தோடு அவர் முகம், அடுக்கடுக்காக.

"அப்பாதான் கடை கடையா போய் எல்லாத்தையும் வாங்கினாரு, அண்ணா," என்றாள் கிருஷ்ணகுமாரி. "சொந்தக்காரங்க கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு."

நாற்காலிகள் வெளியே காய்ந்துகொண்டிருந்தன. தயானந்தன் ஈரத்தரையிலேயே உட்கார்ந்தார்.

"ஒரு தடவையாவது போட்டுக் கேட்டாரா?"

அவள் துடைப்பத்தைக் கையில் எடுத்தாள்.

"நம்ம வீட்டுல ரெக்கார்ட் பிளேயர் எப்பண்ணா இருந்துச்சு?"