நாற்பத்து மூன்றாம் நாள் வந்த வட்டா

தம்பி உதயரூபன் படலையைத் திறந்துகொண்டு வருவதைக் கண்டதும் புஸ்பம் தையல் மெஷினை மிதிப்பதை நிறுத்தினாள். ஆறு வருடமாக இந்த வளவை எட்டிப் பார்க்காதவன். பின்னால் அவன் மனைவி பட்டுச்சேலை கட்டி, பித்தளை வட்டாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். வட்டா நிறைய வெற்றிலை, சீவிய பாக்கு, சின்னச் சிமிழில் சுண்ணாம்பு.

புஸ்பத்துக்கு எச்சில் ஊறியது. வெட்கங்கெட்ட வாய், தம்பியைப் பார்க்க முதல் வட்டாவைப் பார்க்கிறது!

அப்பாவின் முப்பத்தோராம் நாள் சடங்கில் இப்படியொரு வட்டாவைத்தான் அவள் அவனிடம் நீட்டினாள். காணிச் சண்டையில் முறுக்கிக்கொண்டு நின்றவன், சனமெல்லாம் பார்த்திருக்க அதைத் தள்ளிவிட்டான். "உன்ட வெத்திலையும் வேணாம், நீயும் வேணாம்" என்றான். இந்தப் பக்கத்தில் வெற்றிலையைத் தள்ளினால் ஆளையே தள்ளியதாக அர்த்தம். அன்றைக்குத் தேற்றாத்தீவிலுள்ள பெண்சாதி வீட்டுக்குப் போனவன்தான். பஸ்ஸில் ஏறினால் இந்தப் பெரியகல்லாறு எவ்வளவு தூரம்? ஆனாலும் வரவில்லை.

"அக்கா, விதுர்ஷாக்குக் கலியாணம். வாற மாசம் பன்னிரண்டாந் திகதி. நீங்கதான் முன்னுக்கு நிண்டு நடத்தோணும்" என்றான். மகளின் பேரைச் சொல்லும்போது கண் கலங்கியது.

"ஒரு வாய் போடுங்க மச்சாள். நீங்க போட்டாத்தான் எங்களுக்கு மனசு ஆறும்" என்று அவன் மனைவி வட்டாவை நீட்டினாள்.

புஸ்பம் ஒரு வெற்றிலையை எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது.

வெற்றிலையை விடத் தொடங்கி இன்று நாற்பத்து மூன்றாம் நாள். பல் வலி என்று கிளினிக்குக்குப் போன இடத்தில், கன்னத்தின் உட்பக்கம் வெள்ளைப் படை ஒன்று இருப்பதை சின்ன வயசு டொக்டர் பிள்ளை கண்டுபிடித்தாள். இப்படியே வெற்றிலை சப்பினால் அது புற்றாக மாறலாம் என்றாள். "நாளைக்கே விட்டிடுவன்" என்று புஸ்பம் அழுதபோது அவள் தலையாட்டவில்லை. "பெரிய கதை வேணாம் அம்மா. ஏலுமானதைச் சொல்லுங்க" என்றாள். முதல் கிழமை வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு படுப்பதில்லை. அடுத்து புகையிலை இல்லை. பிறகு, ஆசை வந்தால் ஒரு கராம்பைக் கடித்துக்கொண்டு கால் மணித்தியாலம் பொறுப்பது. ஒரு நாளைக்குப் பதினாலு வாய் போட்டவள் அப்படித்தான், பல்லைக் கடித்துக்கொண்டு, ஒன்றுமே போடாத நிலைக்கு வந்தாள். நாளை மறுநாள் திரும்பிக் காட்ட வேண்டும். படை சுருங்காவிட்டால் வெட்டி எடுப்பார்கள். இதைப் புருசன் அழகரத்தினத்துக்குக்கூட அவள் சொல்லவில்லை. புற்று என்ற சொல் காதில் விழுந்தாலே ஊர் அவளுக்குப் பாடை கட்டிவிடும்.

"பிறகு போடுறன் புள்ள" என்றாள்.

உதயரூபனின் இடது கன்னம் வெற்றிலையால் புடைத்திருந்தது. சப்புவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். "அக்காட வாயை நான் வெறுமையாக் கண்டதே இல்ல. இண்டைக்கு மட்டும் பிறகா?"

"பழிக்குப் பழியா மச்சாள்?" என்று அவன் மனைவி கேட்டாள்.

"விடு. அக்கா இன்னும் மறக்கல்ல. வா போவம்."

அவன் படலைப் பக்கம் திரும்பிவிட்டான். புஸ்பத்தின் விரல்கள் அவளைக் கேட்காமலே பாக்கை வைத்து, சுண்ணாம்பைத் தடவி, வெற்றிலையை மடித்துவிட்டன. ஒரு வாய்தானே? தம்பியை விடப் பெரிதா? ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடங்கலாம் என்று டொக்டரும் சொல்லியிருக்கிறாள். மடித்தது உதட்டைத் தொட்டது. ஆனால் அவளுக்குத் தன்னைத் தெரியும். இந்த ஒன்று உள்ளே போனால் பின்னேரத்துக்குள் பதினாலும் போகும்.

"தம்பி, நில்லுடா!"

வெற்றிலையை எறிந்துவிட்டு, கன்னத்தை விரலால் இழுத்து, வாயை ஆவென்று திறந்து காட்டினாள். பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிமுடித்தாள். அவன் மனைவி அழத் தொடங்கினாள். உதயரூபன் வேலியோரம் போய்த் துப்பினான். குழாயடியில் இரண்டு தரம் வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"அக்கா... அது நோகுமா?"

"நோகாது. நோகாததுதான் மோசமாம்."

"உறைப்புக் கறி பட்டா எரியுமா?"

"ஓம், எரியும்."

"வாயை முழுசாத் திறக்கவும் ஏலாதா?"

அவளுக்கு அப்படி ஒன்றும் இல்லை; இப்போதுதானே ஆவென்று திறந்து காட்டினாள். புஸ்பம் அவன் இடது கன்னத்தைப் பார்த்தாள்.

"உனக்கு எப்ப இருந்து?"

"சித்திரை வருசத்துக்கு முதல்லயே" என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னான். அவன் மனைவியின் அழுகை சட்டென்று நின்றது. அவளுக்கும் இது புதுச் செய்தி.

புஸ்பம் அவனைக் கதிரையில் இருத்தி, போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் வாய் திறந்தது. இடது கன்னத்தில், அவளுடையதை விடப் பெரிய படை. நடுவில் சிவந்து புண்ணாகியிருந்தது. ஆறு வருடக் கோபத்தைத் தேடிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை, பயம் மட்டும்தான் இருந்தது.

"கலியாணம் முடியட்டும் அக்கா. பிறகு காட்டுவம்."

"வாயை மூடு! நாளண்டைக்குக் காலம்பற ஏழு மணிக்கு நீயும் என்னோட கிளினிக்குக்கு வாறாய்."

அவன் கன்னத்தைத் தடவினான். அவன் மனைவி வட்டாவை நிலத்தில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தாள்.

"ஆறரைக்கே நான் கூட்டிக்கொண்டு வாறன் மச்சாள்" என்றாள்.