கேலி முறை

பக்கவாதத்தில் விழுந்த கசோண்டே, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியும் வாயே திறக்கவில்லை. மனைவி மலாமா ஊட்டிய சோளக்களி கடைவாயில் வழிந்தது. பார்க்க வந்தவர்களெல்லாம் மூக்கைச் சிந்திவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டு ஜேரே மட்டும் தினமும் வந்து வம்பிழுத்தார். அவர் ங்கோனி, இவர்கள் பெம்பா. இரண்டு இனத்துக்கும், ஒருவர் சாப்பாட்டை ஒருவர் கிண்டலடித்துக்கொள்ளும் கேலி முறை. சாவு வீட்டில்கூட அது நிற்காது.

“ஏண்டா குரங்கு தின்னி, பொண்டாட்டி ஊட்டணும்னு இப்படி ஒரு நடிப்பா?”

ஒருநாள் கசோண்டேயின் உதடு கோணலாக அசைந்தது. “போடா... எலி தின்னி.”

மலாமாவுக்கு ஜேரேயின் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும்போல இருந்தது. ஆனால் கேலி முறைக்காரரிடம் நன்றி சொன்னால் முறை கெட்டுவிடும். களியும் கோழிக்குழம்பும் கொண்டுவந்து ஜேரேயின் முன்னால் வைத்தாள்.

“எலி கிடைக்கல மச்சான், கோழியத் தின்னுங்க. நாளைக்கும் வந்து தொலைங்க.”