ஏழாவது வளைவில் இறங்கும் குரல்கள்

மலைக்குடியிருப்புப் பிள்ளைகள் ஜீப்பில் கீழூர்ப் பெரிய பள்ளிக்குப் போகும்போது அவர்களுடைய குரல் ஏழாவது வளைவில் இறங்கிக்கொள்ளும். சாயங்காலம் ஜீப் திரும்பும்போது ஏறிக்கொள்ளும். ஓட்டுநர் அதற்காகவே அங்கே வேகத்தைக் குறைப்பார். போக்குவரத்து அலுவலகம் ஒரு நிறுத்தப் பலகையும் நட்டிருந்தது. கீழே வாயடைத்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பற்றித் தலைமையாசிரியர் முப்பது வருடமாக ‘இயல்பிலேயே அமைதியானவர்கள்’ என்று எழுதி, ஒன்றாம் வகுப்பைத் தாண்ட விடாமல் வைத்திருந்தார். கல்வி அலுவலகம் குழு போட்டு ஆராய்ந்து, குளிர்தான் காரணம் என்று கண்டுபிடித்து, ஆளுக்கொரு மப்ளர் கொடுத்தது.

பாலர் பள்ளி ஆயாவும் அந்த வகுப்பில் மூன்று முறை தோற்று நின்றவள்தான். மலையில் பாலர் பள்ளி திறந்தபோது, கீழேயிருந்து நியமிக்கப்பட்ட ஆசிரியை மாதம் இரண்டு நாள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மற்ற நாளெல்லாம் பிள்ளைகள் ஆயாவின் பொறுப்பு. அதில் அவளுடைய நான்கு வயது மகளும் ஒருத்தி. தனக்கு நேர்ந்தது இவளுக்கும் நேரக்கூடாது என்று முடிவெடுத்தாள். பாயைச் சுருட்டிக்கொண்டு, பிள்ளைகளை ஏழாவது வளைவுக்கே தினமும் நடத்திப்போனாள். வீட்டுப் பேச்சில் கதை சொல்லி, கதைக்குள்ளேயே கீழூர் வார்த்தைகளை ஒவ்வொன்றாகக் கலந்து கொடுத்தாள்.

மேற்பார்வையாளர் ஒருநாள் வந்து நின்றார். “பிள்ளைங்கள ரோட்டோரம் உக்கார வைக்கலாம்னு எந்த விதியில இருக்கு?”

“குரல் இறங்கலாம்னு எந்த விதியில சார் இருக்கு?” என்றாள் ஆயா.

விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டு வருடத்தில் குரல்களுக்கு அந்த வளைவு அலுத்துப்போனது. மகள் பெரிய பள்ளியில் சேர்ந்த அன்று ஜீப் வழக்கம்போல வேகம் குறைந்தது. எந்தக் குரலும் இறங்கவில்லை. வகுப்பில் தலைமையாசிரியர் பெயர் வாசித்ததும், “உள்ளேன் ஐயா” என்றாள் மகள். தலைமையாசிரியரின் மூக்குக்கண்ணாடி நழுவியது.

“எங்கம்மாவும் தினம் ‘உள்ளேன் ஐயா’ன்னு சொன்னாங்களாம். அவங்க குரல் வளைவுல கேக்குமாம். வாய்ப்பாடு கூட தப்பில்லாம சொல்லுமாம். நீங்கதான் அங்க வந்து கேக்கல.”

ஓட்டுநரை அழைத்து விசாரித்தார்கள். “ஆமா சார், தினம் பத்து மணிக்குக் கேக்கும்,” என்றார் அவர். “என்கிட்ட யாரும் கேக்கலையே.”

தலைமையாசிரியரை வெட்கம் பிடுங்கித் தின்றது. பழைய பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்து, பச்சை மையில் மதிப்பெண்களைத் திருத்தினார். அதன்படி ஆயா தன்னுடைய முப்பதாவது வயதில் ஒன்றாம் வகுப்பில் தேறினாள். பச்சை மை எதற்கு என்று மட்டும் மேலிடம் விளக்கம் கேட்டது. செய்தி வந்தபோது ஆயா வளைவில் பாய் விரித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் புதிதாக ஆறு பிள்ளைகள் வந்திருந்தார்கள்.